‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று எதிர்ப்பு மனு வந்தால்: எதிர்ப்பதா, சுருக்குவதா, விலகுவதா, ஒத்துப்போவதா?

கோத்தகிரி, குன்னூர் பக்கமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வருகிறது. சொந்தமாக யோசித்து ஒரு கருவி செய்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். விண்ணப்பம் வெளியான கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத ஒருவர் எதிர்ப்பு மனு போடுகிறார்: “இதில் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் ஏற்கெனவே இருப்பதுதான்.” காப்புரிமை ஏஜென்ட் ஒரு வழி சொல்கிறார், வீட்டில் “வேண்டாம், விட்டுவிடு” என்கிறார்கள். எதைச் செய்வது?

விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளியில் தெரிந்திருந்த எதுவும் பிரையர் ஆர்ட்தான். பழைய காப்புரிமை, ஆய்வுக் கட்டுரை, கேட்லாக், யூடியூப் வீடியோ, ஊரில் புழங்கிய கருவி எல்லாம் இதில் வரும். அவற்றில் ஒன்று உங்கள் கண்டுபிடிப்பை முழுதாகக் காட்டிவிட்டால் காப்புரிமை கிடையாது. இந்த விதி கட்டாயம் வேண்டும். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். 1997இல் ரத்து செய்யவைத்தது பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டித்தான். வேம்பிலிருந்து எடுத்த பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000இல் ரத்தானது, 2005இல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவு நின்றது. ஆனால் நிஜமாகவே புதிதாக ஒன்றைச் செய்தவரை அலைக்கழித்து, களைத்து விலகவைக்கவும் இதே விதியைப் பயன்படுத்த முடிகிறது. மலையில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் எங்கே இடம் கொடுக்கிறது

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை வழங்கும் வரை ‘எவரும்’ எதிர்க்கலாம் என்கிறது. எதிர்ப்பவருக்கு அந்தத் தொழிலில் சம்பந்தம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் போட்டு முடித்ததும் இன்னொருவர் போடலாம். பெயருக்கு ஒருவரை முன்னே நிறுத்தி, பின்னால் வேறொருவர் இருந்து எதிர்ப்பை நடத்தும் போக்கை பம்பாய் உயர்நீதிமன்றம் 2020இல் ஒரு வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தினார்கள். அதுவரை இலவசமாக இருந்த இந்த மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தாலே நிற்காத மனு என்றால், உங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே கன்ட்ரோலர் (விண்ணப்பத்தை முடிவு செய்யும் காப்புரிமை அலுவலக அதிகாரி) அதைத் தள்ளிவிடலாம். ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இறுகியிருக்கிறது. பதில் கொடுக்க முன்பு இருந்த மூன்று மாதம் இப்போது இரண்டு மாதம். நோட்டீஸைப் பீரோவில் வைத்துவிட்டுக் கவாத்து வேலை முடியட்டும் என்று இருந்தால் காலம் போய்விடும்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்பதே நல்லது. பேட்டரியில் ஓடும் தேயிலை பறிக்கும் இயந்திரத்துக்கு ஒருவர் ஒரு இணைப்புச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய இலையைக் காற்று பைக்குத் தள்ளும் வழியில் பிளவுகள் உள்ள ஒரு சாய்ந்த தகடு. இலேசான கொழுந்து தகட்டைத் தாண்டிப் பைக்குப் போகும், முற்றிய குச்சி பிளவு வழியே கீழே விழும். அப்புறம் அவர் இன்னொன்றும் செய்திருக்கிறார். காலையில் மூடுபனியில் நனைந்த கொழுந்து கனமாக இருக்கும், அதுவும் குச்சியோடு சேர்ந்து விழுந்துவிடும். அதற்காகத் தகட்டின் சாய்வைக் கைப்பிடியில் இருக்கும் ஒரு திருகால் மாற்ற வழி வைத்திருக்கிறார். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் போதும். ஃபேக்டரியில் குச்சி கலந்த இலைக்கு விலையைக் குறைக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

எதிர்ப்பு மனுவில் மூன்று ஆதாரங்கள்: ஒரு வெளிநாட்டு கேட்லாக் பக்கம், ஒரு வீடியோவின் ஸ்கிரீன்ஷாட், “எங்கள் எஸ்டேட்டில் பல வருடமாக இப்படித்தான் பிரிக்கிறோம்” என்று ஒரு பிரமாணப் பத்திரம்.

முதலில் தேதி. கேட்லாக் எப்போது அச்சானது? வீடியோ எப்போது பதிவேறியது? ஸ்கிரீன்ஷாட்டில் தேதி தெரியாவிட்டால் அது ஆதாரமே ஆகாது என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது புதுமையைக் கணக்கிடும் தேதிக்கு, ஒரு நாள் பின்னால் வந்தது என்றாலும் அது உங்களை ஒன்றும் செய்யாது. தற்காலிக விவரக் குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) முதலில் தாக்கல் செய்து, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பு கொடுத்திருந்தால், முதலாவதில் சொன்ன விஷயங்களுக்கு அந்த முதல் தேதிதான் கணக்கு. பலர் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது, கூறு கூறாக ஒப்பிடுவது. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். உங்கள் முதல் கிளைமை, அதாவது ‘இதுதான் என் கண்டுபிடிப்பு’ என்று விண்ணப்பத்தில் நீங்கள் உரிமை கோரும் பத்தியை, எடுத்து அதன் கூறுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: கத்தி, காற்று, சாய்ந்த பிளவுத் தகடு, சாய்வை மாற்றும் திருகு. எதிரே ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, அந்தக் கூறு அதில் இருக்கிறதா என்று நிரப்புங்கள். ‘புதிதில்லை’ என்று நிரூபிக்க, ஒரே ஆவணத்தில் எல்லாக் கூறும் இருக்க வேண்டும். ஒன்றில் கத்தி, இன்னொன்றில் தகடு, மூன்றாவதில் திருகு என்று ஒட்டுப்போட்டால் அது ‘புதிதில்லை’ ஆகாது. ‘துறை தெரிந்தவருக்கு இது சுலபமாகத் தோன்றியிருக்கும்’ என்ற வேறு வாதம் அது. அதற்கு, இந்த மூன்றையும் சேர்க்க ஒருவருக்கு ஏன் தோன்றும் என்ற காரணத்தையும் காட்ட வேண்டும். எதிர்ப்பு மனுக்கள் இந்த இரண்டு வாதங்களையும் வேண்டுமென்றே குழப்பி எழுதும். பயந்துபோய் படித்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

மூன்றாவது, அந்த ஆதாரம் உங்களிடமிருந்தே போனதா என்பது. இதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி நடப்பது. விண்ணப்பிக்கும் முன்பே நீங்கள் செய்து காட்டியதை ஒருவர் படம் எடுத்து வைத்திருப்பார். உங்கள் அனுமதி இல்லாமல் வெளியிட்டிருந்து, அது தெரிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் நீங்கள் விண்ணப்பித்திருந்தால் 29ஆம் பிரிவு கைகொடுக்கலாம். தோட்டத்தில், மற்றவர்கள் கண்முன் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற கருவிக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நடந்த நியாயமான சோதனை ஓட்டத்தை 32ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் நீங்களே வாட்ஸ்அப் குழுவிலும் யூடியூபிலும் போட்டிருந்தால் அது உங்களுக்கு எதிரான ஆதாரமே. ஊட்டி மலர்க் காட்சி சமயத்தில் ஸ்டால் போட்டுக் காட்டினேன், கண்காட்சிக்கு ஒரு வருட விலக்கு உண்டாமே என்று கேட்கிறார்கள். 31ஆம் பிரிவின் அந்த விலக்கு மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான். உங்கள் கண்காட்சி அப்படி அறிவிக்கப்பட்டதா என்று பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

பிறகு உங்கள் கையிருப்பு, காலம், அந்தப் பொருள் சந்தையில் எத்தனை வருடம் ஓடும் என்ற கணக்கு. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். இவை பெரிய தொகை இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு ஏஜென்டுக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவு இதைப் போலப் பல மடங்கு.

வழி 1: நேருக்கு நேர் எதிர்த்து நிற்பது

இரண்டு மாதத்துக்குள் பதில் அறிக்கை, அதோடு ஆதாரம், விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை. சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் கீழ்தான் நீலகிரியும் திண்டுக்கல் மாவட்டமும் வருகின்றன. விசாரணை இப்போது பெரும்பாலும் காணொளி வழியே நடப்பதால் மலை இறங்கிப் போகும் செலவு மிச்சம்.

கூறுகளை ஒப்பிட்ட தாளில் ஒரு கட்டமாவது எல்லா ஆதாரத்திலும் காலியாக இருந்தால் இந்த வழிதான் சரி. நம் உதாரணத்தில் சாய்வை மாற்றும் திருகு கேட்லாகில் இல்லை, வீடியோவில் இல்லை. பிரமாணப் பத்திரம் ‘இப்படித்தான் பிரிக்கிறோம்’ என்கிறது, எப்படி என்று சொல்லவில்லை. அதைக் கேட்டே ஆக வேண்டும். எந்தத் தோட்டம், எந்த வருடம், தகடு எங்கே, பில் இருக்கிறதா, படம் இருக்கிறதா? முன்பே பொதுவில் புழங்கியது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வெறும் ‘எங்கள் தாத்தா காலத்திலேயே’ என்ற வாக்குமூலத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

உங்கள் பக்கம் அளந்த எண்கள் இருந்தால் பலம். ஈர இலையில் திருகு இல்லாமல் எத்தனை கிலோ கொழுந்து வீணானது, திருகு வைத்தபின் எத்தனை, எந்தத் தேதியில், யார் எடை போட்டார். இதைக் கன்ட்ரோலர் முன் வைக்கும்போது ‘இது சுலபமாகத் தோன்றியிருக்கும்’ என்ற வாதம் பலவீனமாகும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு காலம்தான். காப்புரிமையின் 20 வருடம் விண்ணப்பித்த தேதியிலிருந்தே ஓடுகிறது, எதிர்ப்பில் போகும் ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து கழிகிறது. விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து உங்களுக்கு உரிமை உண்டு என்றாலும், காப்புரிமை கையில் வரும்வரை யார்மேலும் வழக்குப் போட முடியாது. அதற்குள் நகல் சந்தைக்கு வந்துவிடலாம். எதிர்ப்பவருக்கு ஜெயிக்கும் எண்ணமே இருக்காது, அந்த இடைவெளி போதும். அடுத்தடுத்து மனு வருகிறது என்றால் நோக்கம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வரிசையைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டுப் பதில் அறிக்கையிலேயே பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று தெரிந்திருந்தால் தைரியம் வரும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் உங்களுக்கு உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. இந்தக் கட்டத்தில் எதிர்ப்பவர் தோற்றால் அவருக்கு மேல்முறையீடு இல்லை. காப்புரிமை வழங்கிய செய்தி வெளியான ஒரு வருடத்துக்குள் திரும்ப எதிர்க்கலாம், ஆனால் அப்போது ‘எவரும்’ வர முடியாது, தொழிலில் அக்கறை உள்ளவர் மட்டுமே வரலாம். பெயருக்கு நின்றவர்கள் அங்கே உதிர்ந்துவிடுவார்கள்.

வழி 2: கிளைமைச் சுருக்கிக்கொள்வது

சாய்ந்த பிளவுத் தகடு வெளிநாட்டு கேட்லாகில் நிஜமாகவே இருக்கிறது, தேதியும் பழையது என்றால், ‘தகடு என்னுடையது’ என்று அடம்பிடிப்பதில் பயனில்லை. ‘பறிக்கும்போதே சாய்வை மாற்றக்கூடிய தகடு’ என்று கிளைமைத் திருத்தலாம். 59ஆம் பிரிவு சுருக்க விடும், விரிக்க விடாது. முதலில் தாக்கல் செய்த விவரக் குறிப்பில் திருகைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். இல்லாததை இப்போது சேர்க்க முடியாது. அதனால்தான் விவரக் குறிப்பு எழுதும்போது அற்பம் என்று தோன்றுகிற ஆணி, ஸ்பிரிங், கோணம் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறேன்.

இதன் மறைந்த விலை: விட்டுக்கொடுத்த பகுதி எல்லோருக்கும் பொதுவாகிவிடும். நாளை ஒருவர் அசையாத தகடு வைத்து விற்றால் கேட்க முடியாது. ‘எங்கள் புதுமை திருகு மட்டுமே’ என்று பதிலில் எழுதியதைப் பிற்பாடு வழக்கில் உங்களுக்கு எதிராகவே படிப்பார்கள். ஆகவே தேவையான அளவுக்கு மட்டும் சுருக்குங்கள். எதிர்ப்பவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று ஒரு கூறைக்கூட அதிகமாக விட வேண்டாம்.

வழி 1, வழி 2 இரண்டையும் சேர்த்தும் நடத்தலாம். முதல் கிளைமுக்கு வாதாடி, அது நிற்காவிட்டால் சுருக்கிய கிளைமைப் பார்க்கும்படி கேட்பது. நல்ல ஏஜென்ட் இதைத்தான் செய்வார்.

வழி 3: திரும்பப் பெற்று வேறு பாதுகாப்புத் தேடுவது

வீட்டில் சொல்லும் ‘விட்டுவிடு’ இதுதான். ஏமாற்றம் அதிகம் இருக்கும் வழியும் இதுதான். “இப்போது வாபஸ் வாங்கி, கொஞ்சம் மாற்றி மறுபடி விண்ணப்பிக்கிறேன்” என்கிறார்கள். எதிர்ப்பு மனு வருவதே விண்ணப்பம் வெளியான பிறகுதான். வெளியாகிவிட்டால் உங்கள் பழைய விண்ணப்பமே உங்கள் புதிய விண்ணப்பத்துக்குப் பிரையர் ஆர்ட். வெளியாவதற்கு முன்பே, முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து பதினைந்து மாதத்துக்குள் வாபஸ் வாங்கியிருந்தால் கதை வேறு.

டிசைன் பதிவு செய்துகொள்ளலாமே என்றால், அதற்கும் வடிவம் முன்பு வெளியாகாமல் இருக்க வேண்டும். காப்புரிமை விண்ணப்பத்தின் வரைபடங்கள் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்துவிட்டன. அதோடு டிசைன் காப்பது தோற்றத்தை, வேலை செய்யும் விதத்தை அல்ல. ரகசியமாக வைத்துக்கொள்வதும் முடியாது, விவரக் குறிப்பை யாரும் இறக்கிப் படிக்கலாம்.

முதல் கருவிக்குப் பிறகு நீங்கள் ஒரு மேம்பாடு செய்திருந்தால், மூல விண்ணப்பத்தை உயிரோடு வைத்துக்கொண்டு கூடுதல் காப்புரிமை கேட்பது மேல். அந்த மேம்பாடு உங்கள் மூலக் கண்டுபிடிப்பிலிருந்து சுலபமாகத் தோன்றக்கூடியது என்ற காரணத்துக்காக அதை மறுக்க முடியாது. மூலத்தை விட்டுவிட்டால் இந்த வசதியும் போய்விடும்.

பொருள் இரண்டு மூன்று சீசனில் பழசாகிவிடும், காப்புரிமை கையில் வருவதற்குள் விற்று முடித்துவிடுவீர்கள் என்றால் விலகுவது தவறில்லை.

வழி 4: எதிர்ப்பவரோடு ஒத்துப்போவது

எதிர்ப்பவர் இயந்திரம் விற்கும் டீலராகவோ தயாரிப்பாளராகவோ இருந்தால், அவருக்கு வேண்டியது உங்கள் கருவியாகவே இருக்கலாம். உங்களால் மாதம் பத்து கருவிதான் செய்ய முடியும், அவரால் ஆயிரம் முடியும் என்றால் உரிமம் கொடுப்பது நல்ல வியாபாரம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு உரிமம் சட்டப்படி நிற்காது. குறைந்தபட்ச ராயல்டி எவ்வளவு, அவர் தயாரிக்காமல் சும்மா வைத்துக்கொண்டால் என்ன, உங்கள் ஊரில் நீங்கள் விற்கலாமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அவர் மனுவை விலக்கிக்கொண்டாலும் அவர் கொடுத்த ஆவணங்கள் கோப்பில் இருக்கும், கன்ட்ரோலர் தானாகவே அவற்றைப் பார்க்கலாம். வேறொருவர் புதிதாக எதிர்க்கவும் தடையில்லை. ஆதாரம் சொத்தை என்று தெரிந்த மனுவைச் சும்மா விலக்கப் பணம் மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் செய்தி பரவும், அடுத்த மனு வரும்.

| | எதிர்த்து நிற்பது | சுருக்குவது | திரும்பப் பெறுவது | ஒத்துப்போவது |
|---|---|---|---|---|
| ஏற்ற நிலை | எந்த ஆதாரமும் எல்லாக் கூறையும் காட்டவில்லை | ஒரு பகுதி பழையது, மீதி புதிது | எல்லாக் கூறும் பழையது, அல்லது பொருளுக்கு ஆயுள் குறைவு | எதிர்ப்பவரிடம் தயாரிக்கும் வசதி இருக்கிறது |
| பணம் | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | ஒப்பந்தச் செலவு |
| காலம் | நீளும் | ஓரளவு குறையும் | உடனே முடியும் | பேச்சைப் பொறுத்தது |
| மறைந்த விலை | 20 வருடம் கரையும் | விட்ட பகுதி பொதுவாகும் | மறுபடி விண்ணப்பிக்க முடியாமல் போகலாம் | வேறொருவர் எதிர்க்கலாம் |

தேயிலை இயந்திரக்காரருக்கு நான் சொல்வது: கேட்லாகின் தேதி உறுதியானால் தகட்டை விட்டுவிட்டுத் திருகைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரமாணப் பத்திரத்தைக் கேள்வி கேட்டு எதிர்த்து நில்லுங்கள். தேதி உறுதியாகாவிட்டால் தகட்டையும் விட வேண்டாம்.

எதிர்ப்பு உண்மையாக இருந்தால்

ஒரு வகை எதிர்ப்பை மட்டும் வேறாகப் பார்க்க வேண்டும். உள்ளூர்ச் சமூகத்திடமோ பழங்குடியினரிடமோ வாய்மொழியாகவேனும் இருந்துவரும் அறிவு என்பதும் 25(1) பிரிவில் ஒரு காரணம், பாரம்பரிய அறிவையே கண்டுபிடிப்பாகக் கோர முடியாது என்று 3(p) பிரிவும் சொல்கிறது. தேன் எடுக்கும் குறும்பர்களோ இருளர்களோ “இந்த முறை எங்களுடையது, அதைப் பார்த்துத்தான் இவர் செய்தார்” என்று சொன்னால், அது டீலரின் ஸ்கிரீன்ஷாட்டைப் போன்றது அல்ல. தேதி இல்லை, பில் இல்லை என்று சட்ட நுணுக்கத்தால் அவர்களை வெல்வது உங்களால் முடியலாம். செய்யாதீர்கள். நேரில் போய்ப் பேசுங்கள். முறை அவர்களுடையது, அதன்மேல் கருவி உங்களுடையது என்றால் முறையைக் கிளைமிலிருந்து எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அறிவு எங்கிருந்து வந்தது என்பதை விவரக் குறிப்பில் எழுதலாம், வருமானத்தில் பங்கையும் பேசலாம். கருவியிலும் உங்கள் பங்கு பெரிதாக இல்லை என்று தெரிந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதுதான் நியாயம்.

இப்படி இல்லாத மற்ற மனுக்களுக்குக் கூறுகளை ஒப்பிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏஜென்டிடம் போங்கள். ஏஜென்ட் இல்லாதவர்கள் குஜராத்தில் இருக்கும் தேசிய புத்தாக்க அறக்கட்டளைக்கு எழுதலாம், அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை விஷயத்தில் உதவுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. எங்கே போனாலும் முதல் பக்கத்தில் நோட்டீஸ் வந்த தேதியையும் அதிலிருந்து இரண்டு மாதம் முடியும் தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள்.